அடுப்பு வெளியே போகிறது... தண்ணீரும் போகிறதா?

கொல்லையிலோ மொட்டை மாடியிலோ இரண்டாவது சமையற்கட்டு கட்ட ஆசையா? கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்!

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டில் முறுக்கு வாசனை ஏறி இறங்கத் தொடங்கிவிடும். வெளியே நிற்பவருக்கு அது வாசனை. எட்டுக்குப் பத்து சமையலறைக்குள் நிற்பவருக்கு அது வியர்வை, கண்ணெரிச்சல், டைல்ஸில் படியும் பிசுக்கு. சிம்னி முழு வேகத்தில் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும். இருந்தும் எண்ணெய்ப் புகை ஹாலைத் தாண்டிப் படுக்கையறை அலமாரி வரை போய்த் துணிமணியில் ஏறிவிடும். லட்சக்கணக்கில் செலவழித்து மாடுலர் கிச்சன் போட்டவர்கள், அது அழுக்காகிவிடும் என்று மீன் வறுக்க மட்டும் பால்கனிக்குப் போகிற கூத்தும் நடக்கிறது.

அதனால்தான் தனி வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது, "பின்னாடி ஒரு அடுப்புக்கு இடம் விடுங்க" என்று இன்ஜினீயரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கேரளத்து வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ஒரு 'வொர்க் ஏரியா' இல்லாமல் பிளானே வராது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வறுக்க, பொரிக்க 'வெட் கிச்சன்', காபி போட 'டிரை கிச்சன்' என்று இரண்டாகப் பிரித்தே கட்டுவது வழக்கம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் குசினி வீட்டோடு ஒட்டாமல் தனிக் கட்டடமாகவே நின்றது.

இங்கே இந்த ஆசை பல வீடுகளில் இணையத்தில் பார்த்த படத்திலிருந்து தொடங்குகிறது. கருப்பு கிரானைட் மேடை, அதில் பதித்த கிரில், பக்கத்தில் சரவிளக்கு. கட்டி முடித்த முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி விருந்து. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே மேடையில் பழைய பெயின்ட் டப்பா, உடைந்த சைக்கிள், காயவைத்த ஷூ. ஏன் இப்படி ஆகிறது என்று தேடினால், பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: அடுப்பை வெளியே கொண்டுபோனவர்கள் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

நமக்கு இது புதிதா?

இல்லவே இல்லை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு என்று ஒவ்வொரு கட்டாகத் தாண்டிப் போனால் கடைசியில் வருவது அடுப்படி. அதற்கும் பின்னால் கிணறு, கொல்லை. சாதாரணக் கிராமத்து வீட்டிலும் நெல் அவிப்பது, வெந்நீர் போடுவது, மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பது எல்லாம் கொல்லை அடுப்பில்தான். கல்யாணம், காதுகுத்து, கடா வெட்டு என்றால் தோட்டத்தில் பள்ளம் வெட்டிக் கோட்டை அடுப்பு. பொங்கல் பானை வாசலில். நெருப்பும் புகையும் அதிகமாகிற வேலையை வெளியே வைக்கிற புத்தி இங்கே ரொம்பப் பழசு.

அடுப்பை வீட்டுக்கு நடுவே கொண்டுவந்தது காஸ். புகை இல்லை, சாம்பல் இல்லை என்றானதும் சமையலறை கொல்லையை விட்டுக் கிளம்பி ஹாலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் இந்த மாற்றத்தைக் குடிசை வீடுகள் வரை கொண்டுபோயின.

அது நல்ல மாற்றம். பழைய கொல்லை அடுப்பை நினைத்து உருகுகிறவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து ஊதியவர்களைக் கேட்க வேண்டும். தமிழகக் கிராமங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. விறகும் சாணமும் எரித்துச் சமைக்கிறவர் ஒரு நாள் முழுக்கச் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். காஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டில் 82. வெட்டவெளியில் சமைத்தாலும் சமைப்பவருக்குப் புகையிலிருந்து முழு விடுதலை இல்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அடுப்புக்கு அரை அடி தூரத்தில் முகம் இருக்கும்போது, சுவர் இல்லாததால் மட்டும் மூக்கு தப்பிவிடாது.

புகையில்லா அடுப்புக்கான முயற்சிக்கும் நீண்ட வரலாறு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், வார்தாவின் மகன்வாடியிலிருந்து 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பைப் பரப்பியது. ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு வடிவமைத்த புகைபோக்கி அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. 1983இல் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002 வரை கோடிக்கணக்கான அடுப்புகளைக் கொடுத்தது. பல வீடுகளில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, அடுப்பு விரிசல் விட்டது, சரிசெய்ய ஆள் இல்லை. வீட்டுக்காரரே கழற்றிச் சுத்தம் செய்ய முடியாத அடுப்பு நிலைக்காது. இன்று கட்டுகிறவர்களும் மறக்கக் கூடாத பாடம் அது.

முதலில் பட்டியல், பிறகு பிளான்

வெளியே என்னென்ன சமைக்கப் போகிறீர்கள்? ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான தமிழ் வீடுகளில் அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்: மீன், கருவாடு, நண்டு, முறுக்கு, அதிரசம் போன்ற பலகாரம், மிளகாய், மல்லி வறுப்பது, இருபது பேருக்கு மேல் பிரியாணி, வற்றல் கூழ் காய்ச்சுவது, எப்போதாவது கரியடுப்பில் சுட்ட கறி.

இந்தப் பட்டியலில் கிரில் எங்கே வருகிறது பாருங்கள். கடைசியில், 'எப்போதாவது' என்ற இடத்தில். ஆனால் பட்ஜெட்டில் அதுதான் முதலிடம் பிடிக்கிறது! மாதம் நான்கு முறை மீன் வறுக்கிற வீட்டுக்குத் தேவை ஒரு நல்ல காஸ் அடுப்பு, அகலமான தொட்டி, செதிலைத் தள்ளிக் கழுவச் சரிவான மேடை. கிரில் தேவைப்படும் நாளில் இரும்புக் கரியடுப்பை எடுத்து வந்து வைத்துக்கொள்ளலாம், முடிந்ததும் உள்ளே கொண்டுபோய்விடலாம்.

பட்டியல் மேடையின் உயரத்தையும் முடிவு செய்கிறது. காய் நறுக்கவும் தோசை வார்க்கவும் 32 முதல் 34 அங்குலம் சரி. அதே உயரத்தில் பத்து அங்குல பிரியாணி அண்டாவை ஏற்றினால், அடிவரை கரண்டியை விட்டுக் கிண்டத் தோள்பட்டை வரை கை தூக்க வேண்டும். பெரிய பாத்திரத்துக்கு 18 முதல் 22 அங்குலத்தில் தாழ்வான ஒரு பகுதி வேண்டும். இரண்டு உயரம் வைக்கக் கொத்தனார் யோசிப்பார். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உள் சமையலறையிலிருந்து தூரமும் முக்கியம். பத்துப் பன்னிரண்டு எட்டுக்குள், நடுவில் படி இல்லாமல் இருந்தால் அந்த இடம் தினமும் புழங்கும். தோட்டத்தின் கடைக்கோடியில் அழகாகக் கட்டினால், உப்பு மறந்துவிட்டது, தட்டு போதவில்லை என்று நடந்தே கால் ஓய்ந்துவிடும்.

காற்று எந்தப் பக்கம்?

தமிழ்நாட்டில் பெரிய காற்று இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து. வீட்டின் தென்மேற்கு மூலையிலோ வடகிழக்கு மூலையிலோ விறகடுப்பு வைத்தால், வருஷத்தில் ஒரு பருவம் முழுக்கப் புகை வீட்டுக்குள்தான். தென்கிழக்கும் வடமேற்கும் இந்தப் பாதையிலிருந்து விலகி நிற்கும் மூலைகள். வாஸ்து முதலில் அக்னி மூலை என்று தென்கிழக்கையும், அது முடியாவிட்டால் வாயு மூலை என்று வடமேற்கையும் சொல்கிறது. வாஸ்துவை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஊருக்கு ஊர் காற்று மாறும். சென்னையில் கோடை நாளில் மதியத்தையொட்டி வீசும் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அங்கே அக்னி மூலை அடுப்பின் புகை மத்தியானத்தில் நேராக ஹாலுக்குள் வரும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று மாதக்கணக்கில் அடிக்கும். அங்கே வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் அடுப்பு இருப்பது நல்லது. பக்கத்தில் பெரிய கட்டடம் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். நினைத்த இடத்தில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஊதுபத்தி கொளுத்தி நட்டுப் பாருங்கள். புகை உங்கள் ஜன்னலுக்குப் போகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடும் கொடிக்குப் போகிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டாவதுதான் அதிகச் சண்டையைக் கொண்டுவரும்.

இன்னொன்று, வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தில் நிரந்தரக் கூரையோ சுவரோ எழுப்புவது கட்டட விதிகளை மீறுவதாகிவிடலாம். இடம் அளக்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நெருப்புக்கு முன் நீர்

இப்போது மையத்துக்கு வருவோம். வெளிச் சமையற்கட்டு என்பது வெளியே வைத்த அடுப்பு என்று நினைத்தால் பாதி வேலைதான் வெளியே போகும். மீனைக் கழுவுவது உள்ளே, வறுப்பது வெளியே, வறுத்த சட்டியைத் தேய்ப்பது உள்ளே என்றால், எந்த நாற்றத்துக்கும் பிசுக்குக்கும் பயந்து வெளியே போனோமோ அது திரும்ப வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். உள் சமையலறையில் வைக்கும் சின்ன ஸ்டீல் சிங்க் இங்கே உதவாது. அண்டா படுத்துக் கிடக்கிற அளவுக்கு, இரண்டரை அடி நீளமாவது இருக்கட்டும். மேடைத் தொட்டியோடு தரையிலும் ஒரு குழாய், அதைச் சுற்றி நான்கு அங்குலக் கட்டை கட்டிய கழுவுமிடம் இருந்தால் பெரிய பாத்திரமும் அடங்கும், காய்கறி மூட்டையும் அடங்கும். பழைய வீட்டின் கிணற்றடி செய்த வேலை இதுதான்.

தரைக்கு வாட்டம் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது விட வேண்டும். மழைநீரும் கழுவிய நீரும் வீட்டுச் சுவரை நோக்கி வராமல் வெளிப்பக்கம் ஓட வேண்டும். கொத்தனார் ரசமட்டம் வைத்துக் காட்டினாலும், சிமென்ட் காய்ந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி நீங்களே பாருங்கள். தேங்குகிற இடத்தை டைல்ஸ் ஒட்டும் முன் சரிசெய்வது சுலபம். ஒட்டிய பிறகு வருஷக்கணக்கில் பாசிதான்.

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் நேராகப் போகலாம். எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அப்படிப் போகக் கூடாது. நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டினால் எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், கசடு அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியேறும். மேலே மிதப்பதை வாரம் ஒருமுறை வழித்து எடுத்தால் போதும். இந்தத் தொட்டி இல்லாத வீடுகளில்தான் குழாய் அடைத்துக்கொண்டு, வெளிச் சமையல் நின்றுபோகிறது.

அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாவற்றையும் பாட்டி நினைவாகக் கொல்லையில் கொண்டுவந்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டுக்கல் குழியில் ஒரு டம்ளர் மழைத் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது பிரசவ அறை. புழங்காத நாளில் மூடிவையுங்கள்.

மேடைக்கு என்ன கல்?

கடப்பா கல் விலை குறைவு. ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம். எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் வெளுத்துவிடும், சூடான அண்டாவை இறக்கிவைத்தால் விரிசல் விடவும் கூடும். அலமாரித் தட்டுக்கு அது போதும், மேடைக்கு வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்தால் கண்ணுக்கு விருந்துதான். அதுவும் சிமென்ட் கல் என்பதால் புளிப்பும் எண்ணெயும் கறையாக இறங்கும், திண்ணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரானைட் புளிப்பையும் சூட்டையும் தாங்கும். ஆனால் வெயில் விழும் இடத்தில் பளபளக்கும் கருப்பு கிரானைட்டில் மே மாத மதியம் கை வைக்க முடியாது. வெளிர் நிறத்தில் எடுங்கள். தரைக்கு என்றால் மெருகேற்றாத சொரசொரப்பான கல்தான். எண்ணெயும் தண்ணீரும் கலந்த பாலிஷ் தரையில், கொதிக்கும் பாத்திரத்தோடு நடப்பதைவிட ஆபத்து வேறில்லை.

ஸ்டீல் கதவும் அலமாரியும் போடுகிறவர்கள் 202, 304 என்ற இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 304இல் நிக்கல் சுமார் 8 சதவீதம். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். உப்புக்காற்றில் 202 சீக்கிரம் துரு பிடிக்கும். காந்தத்தை வைத்து, "பாருங்க சார், ஒட்டலை, ஒரிஜினல் 304" என்று கடையில் காட்டினால் ஏமாறாதீர்கள். 202இலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலோர வீடு என்றால் மாலிப்டினம் கலந்த 316 இன்னும் தாங்கும்.

கூரைக்கு ஓடு நல்லது. தகரம் போட்டால் உயரமாகப் போட்டு, முகட்டில் புகை வெளியேற இடைவெளி விட வேண்டும். தாழ்வான பக்கமே ஒன்பது அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். தென்னங்கீற்று பார்க்க அழகுதான், ஆனால் விறகுத் தீக்கு மேலே கீற்று வேய்வது ஆபத்தை விலைக்கு வாங்குவது. சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் சாய்வாக அடித்துக் கொட்டுகிறது. தீபாவளிப் பலகாரமும் அதே சமயத்தில்தான். வடகிழக்குப் பக்கம் கூரை இரண்டடி கூடுதலாக நீளட்டும்.

காஸா, விறகா, கரியா?

மூன்றுக்கும் இடம் உண்டு, மூன்றுக்கும் வேறு வேறு பயம் உண்டு.

சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து பள்ளத்தில் தங்கும். திறந்தவெளிதானே என்று அசட்டையாக இருந்துவிட்டு, மேடைக்கு அடியில் நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குள் சிலிண்டரை வைத்தால் வெளியே இருந்தும் பயனில்லை. அந்தப் பெட்டியின் அடிப்பக்கம் தரையோடு ஒட்டித் திறப்பு வேண்டும். பக்கத்தில் சாக்கடைத் துவாரம் கூடாது. சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

வெளியே காற்று தீயை அணைத்துவிடும், காஸ் மட்டும் வந்துகொண்டேயிருக்கும். தீ அணைந்ததும் தானாகக் காஸை நிறுத்தும் வால்வு உள்ள அடுப்பாக வாங்குங்கள். மூன்று பக்கமும் ஒன்பது அங்குல மறைப்பு வையுங்கள். கல்யாணச் சமையலுக்கான ஹை பிரஷர் பர்னரை வீட்டு சிலிண்டரில் மாட்டும் விபரீதம் வேண்டவே வேண்டாம்.

விறகு என்றால் கொடியடுப்புக்கு ஈடில்லை. முதல் வாயில் விறகு எரியும். பக்கத்தில் ஒரு துளை, அதன் வழியே தீயின் நாக்கு நுழைந்து அடுத்த குழியிலிருக்கும் பாத்திரத்தின் அடியைத் தொடும். முதல் அடுப்பில் உலை கொதிக்கும்போது கொடியில் பருப்பு தானாக வெந்துகொண்டிருக்கும். தீ வீணாவதில்லை. கொடிக்குப் பின்னால் புகைபோக்கி வைத்துவிட்டால் புகை சமைப்பவரின் முகத்துக்கு வருவது பெரிதும் குறையும். பாத்திரம் உட்காரும் மூன்று குமிழ்களில் இருக்கிறது சூட்சுமம். ஒரு விரல் நுழையும் அளவுக்கு உயரம் இருந்தால் தீ சீராக வெளியேறும். தாழ்ந்தால் அடுப்பு மூச்சுத் திணறிப் புகையும். உயர்ந்தால் வெப்பம் பக்கவாட்டில் ஓடிவிடும், விறகு இரட்டிப்பாகும்.

இந்த அடுப்பைச் சிமென்ட்டில் கட்டச் சொல்லாதீர்கள். சிமென்ட் கலவை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளுக்குள் சிதையத் தொடங்கும். விறகுத் தீ அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆறிய பிறகு ஈரத்தை இழுத்து உப்பி, விரிந்து உதிரும். களிமண்ணும் மணலும் சேர்த்து, கொஞ்சம் உமியோ வைக்கோல் துண்டோ மிதித்துப் பிசைந்து கட்டியது இன்றும் நிற்கிறது. கட்டியதும் பற்றவைக்கக் கூடாது. நிழலில் ஒரு வாரம் காய வேண்டும், நடுவே விழும் கீறலை ஈர மண்ணால் மெழுக வேண்டும். பிறகு இரண்டு நாள் சிறு சுள்ளியில் மெல்லச் சூடேற்ற வேண்டும். நகரத்தில் மண் கிடைக்காவிட்டால் உள்வாய்க்கு ஃபயர் பிரிக், அதற்கான ஃபயர்கிளே. வெளிச்சுவருக்கு மட்டும் சாதாரணச் செங்கல்லும் சிமென்ட்டும்.

சவுக்கு, கருவேலம், புளி, கொட்டாங்கச்சி எல்லாம் நல்ல எரிபொருள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், அரளிக் கட்டை ஆகியவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அவற்றின் புகை நஞ்சு. விறகைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். இல்லாவிட்டால் எலி வரும், எலியைத் தேடி விரியனும் வரும்.

கரியடுப்பின் பயம் கண்ணுக்குத் தெரியாதது. புகை இல்லையே என்று மழை நாளில் அதை மூடிய பால்கனிக்குள்ளோ கண்ணாடி போட்ட அறைக்குள்ளோ கொண்டுபோனால், வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

மின்சாரம் இழுக்கிறவர்கள், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், மழை தாங்கும் மூடி போட்ட சுவிட்ச் பெட்டியும் இல்லாமல் கிரைண்டரை வெளியே ஓட்டக் கூடாது. ஈரக்கை, ஈரத்தரை, ஈரமாவு மூன்றும் சேரும் இடம் அது.

மொட்டை மாடியில் கட்டலாமா?

கட்டலாம், செங்கல்லால் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் முழுக்கச் செங்கல்லால் கட்டிய மேடை, ஓரடி நீளத்துக்குச் சுமார் 270 கிலோ. அதாவது சதுர அடிக்கு 135 கிலோ. ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான். சதுர அடிக்கு 14 கிலோ. ஏறக்குறைய பத்து மடங்கு! தளத்தின் நடுவில் இதை ஏற்றுவதற்கு எந்தப் பொறியாளரும் தலையாட்ட மாட்டார்.

ஸ்டீல் சட்டத்தின் மேல் மெல்லிய கிரானைட், கீழே பீமோ சுவரோ இருக்கும் ஓரத்தில் நிறுத்துவது பாதுகாப்பு. சட்டத்தைத் தளத்தில் போல்ட் அடித்து நிறுத்தாதீர்கள். தட்டோட்டையும் நீர்க்காப்புப் பூச்சையும் ஒரு துளை போட்டாலே அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை நனையும். அகலமான அடித்தட்டு வைத்து நிறுத்தினால் போதும். மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்பதால் குழாய் சுலபம். ஆனால் எண்ணெய்த் தண்ணீரை மழைநீர்க் குழாயில் விடாதீர்கள். அது மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் போகிற வழி.

யாருக்காக இந்த அடுப்படி?

பிளான் போடும்போது யாரும் கேட்காத கேள்வி இது. பழைய வீட்டில் அடுப்படி கடைசிக் கட்டில் இருந்ததற்குப் புகை மட்டும் காரணமில்லை. சமைப்பவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதும்தான். முன்கட்டில் பேச்சு, பின்கட்டில் வேலை.

இன்றைய ஞாயிற்றுக்கிழமை கரியடுப்பு விருந்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கம்பியில் கோத்த கறியைத் திருப்பிக்கொண்டு, ஏப்ரன் கட்டிப் படம் எடுத்துக்கொள்வது வீட்டு ஆண்கள். இஞ்சி பூண்டு அரைத்தது, கறியைக் கழுவி ஊறவைத்தது, வெங்காயம் வெட்டியது, கடைசியில் கரி பிடித்த கம்பியைத் தேய்க்கப் போவது உள்ளே இருக்கும் பெண்கள். கொண்டாட்டம் வெளியே, வேலை உள்ளே. 'நெருப்பு மட்டும் வெளியே' என்று கட்டிய சமையற்கட்டு இந்தப் பிரிவினையைக் கல்லிலேயே செதுக்கிவிடுகிறது.

வழி எளிது. கழுவும் தொட்டி, அரைக்கும் இடம், நறுக்கும் மேடை மூன்றும் அடுப்புக்கு எதிரேயே இருக்கட்டும். சமைப்பவர் சுவரைப் பார்த்து நிற்காமல், மற்றவர்கள் உட்காரும் பக்கம் முகம் பார்த்து நிற்கட்டும். நான்கு பேர் உட்காரத் திண்ணை போடுங்கள். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கத்தியும் அரைக் கிலோ வெங்காயமும் தானாக வந்து சேரும். தொட்டி கண்ணெதிரே இருந்தால், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைக்க மாப்பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது.

செலவை எந்த வரிசையில் செய்வது?

பணம் இருக்கும்போது எல்லாரும் அடுப்பில் தொடங்குகிறார்கள், வடிகாலில் முடிக்கிறார்கள். தலைகீழாகப் போங்கள். முதலில் வடிகால், எண்ணெய்க் கசடு பிடிக்கும் தொட்டி, தரை வாட்டம். அடுத்து குழாயும் கழுவுமிடமும். மூன்றாவது மேடை, இரண்டு உயரத்தில். நான்காவது கூரை. மின்சார இழுப்புக்கு, கம்பி நுழையும் குழாயை மட்டும் தரை போடும்போதே புதைத்துவிடுங்கள். பிறகு உடைக்க வேண்டியிராது. கடைசியில் அடுப்பு.

கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால், இந்த வரிசையில் பாதி தூரம் வந்து நின்றுகொள்ளுங்கள். அடுப்பே இல்லாவிட்டாலும் அந்த இடம் மீன் ஆயவும், கீரை அலசவும், மாவு அரைக்கவும், அண்டா தேய்க்கவும் தினமும் புழங்கும். அதுவரை நெருப்புக்கு மூன்று செங்கல் போதும். தண்ணீர் இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த அடுப்பை வைத்தாலும், பெயின்ட் டப்பாவுக்குத்தான் மேடை கட்டியிருக்கிறீர்கள்.